வோக்கர் என்ற பெயரோடு விசுவமடுவுக்கு

வெள்ளி, மதியம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து வந்த காலை ரயில் எங்களைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டபோது வெயில் உச்சியில் நின்றது. எங்களை என்றால், என்னையும், வருகிற ஆவணியில் என் மருமகனாகப் போகிற டானியலையும். வவுனியா தாண்டியதிலிருந்து அவர் பெட்டியின் வாசற்படியை விட்டு நகரவில்லை. குளம் வந்தால் குளம், கொக்கு வந்தால் கொக்கு என்று எல்லாவற்றையும் எனக்குக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டே வந்தார், நான் பிறந்த நாட்டை நானே பார்த்ததில்லை என்பதுபோல. இருபத்தெட்டு வருடம் இங்கிலாந்தில் இருந்தவளுக்கு அதுவும் ஓரளவு உண்மைதான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மதுராவும் டானியலும் கல்யாணத்தைக் கிளிநொச்சியில், கோயிலில் வைத்துச் செய்ய விரும்புகிறார்கள். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி வேண்டும். என் பக்கத்தில் இருப்பது விசுவமடுவில் வயல் செய்கிற என் அண்ணா சிவஞானமும் அவருடைய மனைவி புவனம் மச்சாளும்தான். தொலைபேசியில் கேட்டபோது அண்ணா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “ஆளைக் கூட்டிக்கொண்டு வா, பாப்பம்” என்றார். மதுராவுக்குத் தாதியர் பரீட்சை. அதனால் மாமியும் மருமகனுமாகப் புறப்பட்டு வந்தோம்.

நிலைய வாசலில் ஓட்டோக்காரர் விசுவமடுவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார். இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். மூவாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பும்போது டானியலின் பெயரைக் கேட்டார். டானியல் வோக்கர் என்றேன்.

“அந்த விஸ்கிப் போத்திலில இருக்கிற பேரெல்லோ? அந்தக் கம்பனிக் குடும்பமோ?”

இல்லை, இவருடைய ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு வோக்கர்மீதுதான் விழவேண்டும் என்று விளக்கினேன். டானியல் படித்த வகுப்பில் மட்டும் மூன்று வோக்கர்கள் இருந்தார்களாம், மூவரும் ஒருவருக்கொருவர் உறவில்லையாம். ஓட்டோக்காரருக்கு ஏமாற்றம். அந்தக் குடும்பமாக இருந்திருந்தால் ஐந்நூறு ரூபாயைக் குறைத்திருக்கத் தேவையில்லை என்றார்.

இந்த இடத்தில் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனுடைய பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம், அது ஒரு தலைமுறையோடு போய்விடும். இங்கிலாந்தில் இறங்கியபோது அங்கிருந்த அதிகாரிக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது, என் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வைத்தியசாலையில் “மிஸிஸ் கந்தையா” என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எப்போதோ காலமாகிவிட்ட அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, முதல் சில வருடங்கள் நான் எழும்பாமலே இருந்திருக்கிறேன்.

வெள்ளி, பின்னேரம்.

அண்ணாவின் வீடு வீதியிலிருந்து உள்ளே ஒரு கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தபோது அண்ணாவுக்குப் பத்து வயது. அந்தக் காணியில் மூன்று தரம் வீடு கட்டியாகிவிட்டது. இப்போது நிற்பது மூன்றாவது, ஓடு போட்டு, விறாந்தையோடு. நெல் வெட்டு முடிந்திருந்தபடியால் வயல் வெளிறிப்போய்க் கிடந்தது.

மச்சாள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். டானியலை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. டானியலே கையைக் கூப்பி, மதுரா சொல்லிக்கொடுத்தபடி, “சுகமா இருக்கிறியளோ மாமி?” என்றார். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்ச் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. ஆனால் தான் வழமையாக இருக்கிற கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார்.

வீட்டில் ஒரு குறை இருந்தது. அண்ணாவின் ஒரே மகன் சுதன் அங்கே இல்லை. அவன் ஐந்து வருடங்களுக்கு முன் முல்லைத்தீவில் நிரோசா என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். நிரோசாவின் தகப்பன் இராசையா லோண்டரி வைத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஊருக்கு உடுப்பு வெளுத்துக் கொடுத்த குடும்பம். அண்ணா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. “அந்த வீட்டை நாங்கள் போறேல்லை” என்றதோடு சரி. நானும் லண்டனில் வாங்கிய ஒரு சேலையைத் தபாலில் அனுப்பியதோடு சரி. சுதனுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அண்ணா அவளைப் பார்த்ததில்லை.

தேநீர் வந்தது. அண்ணா டானியலிடம் மழையைப் பற்றியும் இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு என்ன விலை என்பதைப் பற்றியும் கேட்டார். நான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தேன். பிறகு குரலைத் தணித்து என்னிடம் கேட்டார்.

“மலர், இவை என்ன ஆக்கள்?”

வெளியூர் வாசகருக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: என்ன சாதி. அங்கே அப்படியெல்லாம் இல்லை அண்ணா என்றேன். அவர் விடவில்லை. பெயருக்கு ஒரு கருத்து இருக்கும்தானே, வோக்கர் என்றால் நடக்கிற ஆள் என்றா, கேட்டுச் சொல் என்றார்.

தன் பெயர் காதில் விழுந்ததும் டானியல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தாய் ஓய்வுபெற்ற பிறகு குடும்ப வரலாறு தேடுவதையே வேலையாக வைத்திருக்கிறார். ஆகவே கேள்வி அவருக்குச் சர்க்கரை. முதலில் கேட்பவர்கள் எல்லோரும் நடக்கிறவர் என்றுதான் நினைக்கிறார்கள், ஆனால் விஷயம் வேறு என்று ஆரம்பித்தார். தறியிலிருந்து வருகிற கம்பளித் துணி சாக்குமாதிரி ஐதாக, பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் புளித்த மூத்திரமும் விட்டுக் காலால் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க அழுக்குப் போய்த் துணி தடித்து இறுகும். அப்படி மிதித்தவர்தான் வோக்கர். அதே தொழிலுக்கு நாட்டின் தென்மேற்கில் டக்கர் என்று பெயர், தென்கிழக்கில் ஃபுல்லர். வடக்கிலே வோக்கர். தங்களுடைய பக்கம் கம்பளி நெசவுக்குப் பேர்போன இடம், அதனால்தான் இத்தனை வோக்கர்கள். சொல்லிக்கொண்டிருந்தவர் எழும்பி, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, சீமெந்துத் தரையில் மிதித்தும் காட்டினார்.

அண்ணாவுக்குப் பாதி விளங்கியிருக்கும். மீதிக்கு என்னைப் பார்த்தார். “ஓம், நடக்கிற ஆள்தானாம்” என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். தாரைவார்க்க ஆள் கிடைத்துவிடும். நிமிர்ந்து பார்த்தேன். மச்சாள் குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சுதனைப் பெற்றவர் அவர். அவருக்கு முன்னால் எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. மூத்திரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “இதை ஆர் கேட்டாலும் இப்பிடித்தான் சொல்லுவினமோ?” என்றார்.

டானியலிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “மறைக்க என்ன இருக்கிறது? பெயரிலேயே இருக்கிறதே” என்றார்.

அதையும் சொன்னேன். அண்ணா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார்.

ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று டானியல் கேட்டார். கிணற்றடியில் வைத்து அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். சுதனின் கல்யாணம், அந்த வீட்டார் யார், அண்ணா ஏன் போவதில்லை. அவர் முகம் சிவந்துபோனது. என்னை முன்கூட்டியே எச்சரித்திருக்கலாமே என்றார். எச்சரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இதையேதான் சொல்லியிருப்பேன், மிதித்துக் காட்டியிருக்க மாட்டேன் என்றார்.

அண்ணா இருட்டுமுன் திரும்பி வந்தார். புட்டும் மீன்குழம்பும். டானியல் கையால் சாப்பிட்டார், பாதி மடியில் விழுந்தது. யாரும் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

சனி, காலை.

நான் எழும்பியபோது அண்ணா டானியலை வாய்க்கால் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். குசினியில் மச்சாளோடு இருந்து தேங்காய் துருவினேன். அப்போதுதான் மச்சாள் ஒரு விஷயத்தை வெளியே விட்டார். மாதம் ஒருமுறை பிரஷர் குளிசை எடுக்க அவர் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இவ்வளவு தூரம் ஏன், கிட்ட ஆஸ்பத்திரி இல்லையா என்றேன். மச்சாள் தேங்காய்ப் பூவை அள்ளியபடி சொன்னார்.

“குளிசை தருமபுரத்திலயும் குடுக்கினம். பேத்தி முல்லைத்தீவிலயெல்லோ இருக்கிறாள்.”

அண்ணாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றார்.

காலைச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அண்ணா பொதுவாக அறிவித்தார். தம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், கடல் காட்டவேண்டும், முல்லைத்தீவுக்குப் போவோம். மச்சாள் எழும்பிக் குசினிக்குள் போனார். பத்து நிமிடத்தில் பயத்தம் பணியாரம் நிறைந்த ஒரு பை தயாராக நின்றது.

விசுவமடுச் சந்தியிலிருந்து பஸ், ஆளுக்கு நூற்று நாற்பது ரூபா, முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. டானியலின் தலை கூரையில் முட்டியது. புதுக்குடியிருப்புவரை நின்றுகொண்டே வந்தார். அங்கே பாதிப்பேர் இறங்க இடம் கிடைத்தது. முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது அண்ணா யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை, நானும் அவரோடு கதைக்கவில்லை. இங்கே மீன் பிடிக்கிறார்களா என்று டானியல் கேட்டார். ஓம், நல்ல மீன் என்றேன். பிறகு வட்டுவாகல் பாலம். குறுகிய பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் நந்திக்கடல். ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான். டானியல் எழும்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறிப் பார்த்ததில் பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கடலைவிட அவரைப் பார்ப்பதே பொழுதுபோக்காக இருந்தது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் டானியல் காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின்மேல் அண்ணா உட்கார்ந்திருந்தார். அரைமணிநேரம் போயிருக்கும். கடலைப் பார்த்தபடியே மச்சாளிடம் கேட்டார்.

“சுதன்ர வீடு எந்தப் பக்கம்?”

“சந்தையைத் தாண்டி ரெண்டாவது ஒழுங்கை. நீலக் கேற்.” மச்சாள் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ம்” என்றார் அண்ணா. “குளிசை அங்கையோ குடுக்கினம்?”

எழும்பி முன்னால் நடந்தார். எத்தனை வருடமாகத் தெரியும் என்று மச்சாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனி, மதியம்.

நீலக் கேற்றுக்குப் பக்கத்திலேயே லோண்டரி. முன்பக்கம் அயன் மேசை, உள்ளே இரண்டு பெரிய மெஷின், கம்பியில் பொலித்தீன் உறைக்குள் பாடசாலை ஆசிரியர்களின் சேலைகள். சுதன் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு தகப்பனிடம் வந்து, “வாங்கோ அப்பா” என்றான். உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினான். மச்சாளின் காலைக் கட்டிக்கொண்ட சிறுமி இனியா, தாத்தாவைத் தெரியாதபடியால், டானியலின் சிவந்த கையைத் தொட்டுப் பார்த்தாள்.

இராசையா கடையைப் பூட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். கதிரையின் நுனியில் இருந்தார். என்ன கதைப்பதென்று அவருக்கும் அண்ணாவுக்கும் தெரியவில்லை. அண்ணாதான் கதையைத் தொடங்கினார்.

“இந்தத் தம்பியின்ர ஆக்களும் உடுப்பு மிதிச்சுத் தோய்ச்ச ஆக்களாம். பேரே அதுதானாம்.”

நிரோசா தேநீர்த் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தாள். தட்டத்தை மேசையில் வைத்தாள். அவளுடைய குரல் உயரவில்லை.

“இதைக் கேட்ட பிறகோ மாமா வந்தனீங்கள்? வெள்ளைக்காரர் செய்த வேலை எண்டால் வரலாம். நாங்கள் செய்தால் அஞ்சு வருஷம்.”

சுதன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை. டானியல் என்னிடம் என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணா கோபக்காரர். எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழும்பினால் சுதனுடைய வீட்டோடு மதுராவின் கல்யாணமும் போய்விடும்.

அண்ணா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “கேட்ட பிறகுதான் வந்தனான். கேளாமலே வந்திருக்கோணும்.”

நிரோசா தேநீரை அவருக்கு முதலில் நீட்டினாள். அண்ணா வாங்கிக் குடித்தார். அந்த வீட்டில் அவர் குடித்த முதல் தண்ணீர் அது. மச்சாள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இராசையா கதையை மாற்றினார். என்னிடம், தம்பியின் ஆட்கள் துணிக்கு என்ன போட்டு மிதித்தார்கள் என்று கேளுங்கோ என்றார். கேட்டேன். டானியல் மூத்திரத்தைத் தவிர்த்து, ஒருவகைக் களிமண் என்று அடக்கமாகச் சொன்னார். இராசையாவின் முகம் மலர்ந்தது. தன் தகப்பன் காலத்தில் உவர்மண் கரைத்துத்தான் துணி அவித்தார்களாம், ஊறின துணியைக் காலாலும் மிதித்ததுண்டாம். இருவரும் கடைக்குள் போனார்கள். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. கம்பளியைக் கொதிநீரில் போட்டால் சுருங்கும், பருத்தி தாங்கும் என்று ஒருவர் தமிழிலும் மற்றவர் ஆங்கிலத்திலும் கதைத்தார்கள். பாதிக்கு என் உதவி தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னபோது அண்ணா மறுக்கவில்லை. “என்ன கறி?” என்று மட்டும் கேட்டார். இறால். இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கினார்.

கை கழுவியபின் எல்லோருக்கும் முன்னால், மதுராவைத் தானும் புவனமும் தாரைவார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. சுதனும் நிரோசாவும் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றார். நிரோசா தகப்பனைக் காட்டினாள்.

“அப்பாக்குத் தனியச் சொல்லோணும் மாமா. வீட்டுக்கு வந்து சொல்லுற மாதிரி.”

அண்ணா எழும்பினார். சால்வையைச் சரிசெய்துகொண்டு இராசையாவுக்கு முன்னால் போய் நின்றார். மச்சாளும் பக்கத்தில் போய் நின்றார். உறவுக்காரருக்குச் சொல்கிற முறைப்படியே சொன்னார்.

“அண்ணை, ஆவணியில எங்கட மருமோளுக்குக் கலியாணம். நீங்கள் குடும்பமா வந்து நடத்தித் தரோணும்.”

இராசையாவும் எழும்பி நின்றார். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கல்யாண வீடுகளில் பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டுவது இராசையாவின் குடும்பம் போன்றவர்களின் கடமையாக இருந்தது. கட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கம் நிற்பார்கள். சாப்பாட்டைப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள். பந்தியில் இருக்க யாரும் கூப்பிட்டதில்லை. அவர் அண்ணாவின் முகத்தைப் பார்த்துப் புன்சிரிப்போடுதான் கேட்டார்.

“வெள்ளை கட்டவோ, சாப்பிடவோ?”

“சாப்பிட” என்றார் அண்ணா. “முதல் பந்தியில. எனக்குப் பக்கத்தில.”

சனி, மாலை.

திரும்புகிற பஸ்ஸில் நானும் டானியலும் மட்டும்தான். இனியா சாப்பிட்டபின் தாத்தாவின் மடியில் ஏறி நித்திரையாகிவிட்டாள். எழுப்பினால் அழுவாள் என்று அண்ணா அசையவில்லை. நீங்கள் போங்கோ, நாங்கள் கடைசி பஸ்ஸில் வாறம் என்றார்.

வழியில் டானியலுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நிரோசா சொன்னதையும் சொன்னேன். அவள் சொன்னது சரி என்றார். பிறகு, தன்னுடைய சித்தப்பா ஒருவர், அவரும் வோக்கர்தான், மதுராவைப் பார்க்க வரச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டும் வரவில்லை என்றார். எனக்கு அது புதுச் செய்தி. மதுரா என்னிடம் மறைத்திருக்கிறாள்.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற ஹடர்ஸ்ஃபீல்டில் வோக்கர் என்ற பெயர்ப்பலகையோடு ஒரு பல் வைத்தியர் இருக்கிறார், குழாய் திருத்துகிற ஒருவரும் இருக்கிறார். தொட்டியில் நின்று துணி மிதித்தவனின் நினைவு அவர்களைப் பார்த்து ஒருவருக்கும் வருவதில்லை. தொழில் போய்ப் பெயர் மிஞ்சியிருக்கிறது. எங்களிடம் பெயரில் எதுவும் இல்லை, ஆனாலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதற்காக அவர்கள் நல்லவர்கள், நாங்கள் கெட்டவர்கள் என்று எழுத நான் வரவில்லை. அந்தச் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டபிறகு எழுதவும் முடியாது. ஒரு மனிதர் ஐந்து வருடமாகப் போகாத வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவ்வளவுதான்.

விசுவமடுவில் இறங்கி ஒரு கிலோமீற்றரையும் நடந்தோம். கோழிகள் கூட்டுக்குள் போகாமல் மாமரத்தில் ஏறி இருந்தன. டானியல் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அண்ணா. கூட்டுக்கதவைச் சாத்தச் சொன்னார், பசுவுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். பின்னால் இனியாவின் சிரிப்புக் கேட்டது.

“இல்லை” என்றார் அண்ணா. “நாளைக்கும் இஞ்சதான் நிக்கிறம்.”